திருக்கைக்குத் தரை எது?



திருக்கை என்று சொன்னால் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம் நினைவுக்கு வரும். ஒன்று, புளி கரைத்து, பூண்டு தட்டிப் போட்டு வைக்கிற குழம்பு. இன்னொன்று திருக்கை வால். அந்தக் காலத்தில் அதைக் காயவைத்துச் சாட்டையாக வைத்திருப்பார்கள். "திருக்கை வாலால் தோலை உரிப்பேன்" என்று மிரட்டினாலே எப்பேர்ப்பட்ட வம்புக்காரனும் அடங்கிவிடுவான். அதே மீனை வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டியில் விட்டு, காசு கொடுத்து இறால் வாங்கிப் போட்டு வளர்க்கிறார்கள் என்று நம் தாத்தாக்களிடம் சொல்லியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள்.

இன்று அதுவும் நடக்கிறது. ஆனால் தொட்டியில் வளர்வது நம் கடல் திருக்கை அல்ல. தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் நன்னீர்த் திருக்கை. தட்டுப் போல வட்டமான உடம்பு, கறுப்பிலோ பழுப்பிலோ புள்ளிகள், வாலில் நஞ்சு முள். அதை வளர்க்கிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி, தொட்டியின் அடியில் என்ன போடுவது என்பது. மணலா, கூழாங்கல்லா, ஒன்றுமே போடாமல் வெறும் கண்ணாடியா? சின்னக் கேள்விதான். ஆனால் இதற்குப் பின்னால் ஏறக்குறைய இருநூறு வருடச் சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தில் பிரெஞ்சுக்காரர்களுக்கும் நல்ல பங்கு உண்டு. பிரெஞ்சில் படித்தவன் என்பதால் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சில் திருக்கைக்கு 'ரே' என்று பெயர். தலையில் எடுக்கிற வகிடும் 'ரே' தான், துணியில் ஓடுகிற கோடும் 'ரே' தான். முள் உள்ள திருக்கைக்குத் தனியாகப் 'பாஸ்தெனாக்' என்று ஒரு பெயர். லத்தீனில் 'பாஸ்தினாக்கா' என்றால் முள்ளங்கி, கேரட் மாதிரி ஒரு கிழங்கு. நீண்டு கூர்ந்து போகிற வாலைப் பார்த்து வைத்த பெயர் என்கிறார்கள். நாம் வாலைப் பார்த்துச் சாட்டை என்றோம், அவர்கள் கிழங்கு என்றார்கள்.

ஆற்றுத் திருக்கையை ஐரோப்பிய விஞ்ஞானம் அறிந்துகொண்டது 19-ஆம் நூற்றாண்டில். அல்சித் தொர்பிஞி என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் 1826 முதல் 1833 வரை தென் அமெரிக்காவில் சுற்றினார். பெர்லினில் யோகன்னஸ் முல்லர், யாக்கோப் ஹென்லே என்ற இரண்டு பேர் சுறாக்களையும் திருக்கைகளையும் வகைப்படுத்திப் பெரிய நூல் எழுதினார்கள். இன்று தொட்டிகளில் அதிகம் காணப்படும் 'மோட்டோரோ' திருக்கைக்கு 1841-ல் விஞ்ஞானப் பெயர் வைத்தவர்கள் அவர்களே. ஹென்லே என்ற பெயரை மருத்துவம் படித்தவர்கள் அறிவார்கள். நம் சிறுநீரகத்துக்குள் இருக்கும் 'ஹென்லே வளைவு' அவர் பெயரால் வழங்குவதுதான். பிறகு காஸ்தெல்னோ பிரபு 1843 முதல் 1847 வரை பிரெஞ்சு அரசின் சார்பில் அந்தக் கண்டத்தைக் குறுக்கே கடந்தார். 1855-ல் அவர் விவரித்த திருக்கைகளில் ஒன்றுக்குத் தொர்பிஞியின் பெயரையும் இன்னொன்றுக்கு ஹென்லேயின் பெயரையும் வைத்தார். பின்னாளில் அவர் சியாமில் பிரெஞ்சுத் தூதரக அதிகாரியாக இருந்தார். அந்தச் சியாம்தான் இன்றைய தாய்லாந்து. இன்று அதே தாய்லாந்தின் பண்ணைகளில் இந்த மீன்கள் குட்டி போட்டு உலகமெல்லாம் போகின்றன. ஆமாம், இவை முட்டையிடுவதில்லை, குட்டிதான் போடும்.

கடல் பிராணி எப்படி ஆற்றுக்கு வந்தது? பல கோடி வருடங்களுக்கு முன்னால் தென் அமெரிக்காவின் உள்நிலத்துக்குள் கடல் புகுந்தது. அது வடிந்து நீர் மெல்ல நன்னீராக மாறியபோது, உள்ளே மாட்டிக்கொண்ட திருக்கைகளும் அதற்கேற்ப மாறிவிட்டன என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எவ்வளவு மாறின என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. கடல் திருக்கையும் சுறாவும் கடல் நீரின் உப்புக்கு ஈடுகொடுப்பதற்காக இரத்தத்தில் யூரியாவைத் தேக்கி வைத்துக்கொள்ளும். தாமஸ் தார்சன் என்ற அமெரிக்கரும் அவருடைய தோழர்களும் 1967-ல் அமேசான் திருக்கையின் இரத்தத்தைச் சோதித்தபோது அதில் யூரியா மிகச் சொற்பமாக இருந்தது. வேறு சில சுறாக்களைப் போல ஆற்றுக்கும் கடலுக்குமாகப் போய்வர இதனால் முடியாது. கடலை அடியோடு மறந்துவிட்ட மீன் இது.

ஆனால் உடம்பின் அமைப்பை அது மறக்கவில்லை. தரையைப் பற்றிப் பேச வேண்டுமானால் இந்த அமைப்பைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

திருக்கைக்குக் கண் மேலே, வாய் கீழே. தான் தின்பதை அதனால் கண்ணால் பார்க்க முடியாது. வயிற்றுப் பக்கம் முழுவதும் நாக்கும் மூக்கும் விரலும் சேர்ந்தது போல வேலை செய்கிறது. கண்ணுக்குப் பின்னால் இரண்டு துளைகள் உண்டு. மணலில் புதைந்து கிடக்கும்போது அவற்றின் வழியாக மேலிருந்து சுத்தமான நீரை இழுத்து, கீழே உள்ள செவுள்களின் வழியாக வெளியே விடும். வாயால் இழுத்தால் சேறுதானே வரும்? வாயைச் சுற்றி இன்னும் சில நுண்ணிய துளைகள் உண்டு. இத்தாலியரான ஸ்டெஃபானோ லொரென்சினி 1678-லேயே இந்த உறுப்புகளை விவரித்துவிட்டார். ஆனால் அவை எதற்கு என்பது விளங்க முந்நூறு வருடம் ஆயிற்று. கால்மைன் என்ற டச்சு விஞ்ஞானி 1971-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். தட்டை மீன் ஒன்றை மணலுக்கு அடியில் மறைத்துவைத்தார். வாசனை வெளியே வராதபடி மூடியும் வைத்தார். அப்படியும் சுறாவும் திருக்கையும் நேராக அந்த இடத்துக்கே வந்து தோண்டின. இரையின் உடம்பில் இருந்து கசிகிற மிக மெல்லிய மின்சாரத்தை அந்தத் துளைகளால் உணர்ந்துதான் வந்தன. ஆற்றுத் திருக்கையிடம் இவை இன்னும் சிறியவையாகிவிட்டன, ஆனாலும் இருக்கின்றன.

ஆக, மற்ற மீனுக்குத் தரை என்பது கீழே எங்கோ இருக்கிற பொருள். திருக்கைக்கு அதுதான் படுக்கை, போர்வை, சாப்பாட்டுத் தட்டு எல்லாம்.

இனித் தொட்டியின் கதைக்கு வருவோம்.

பிரான்சில் கொரேஸ் பகுதியில் ழுய்யாக் என்ற சிற்றூர். அங்கே 1794-ல் பிறந்தவர் ழான் வில்ப்ரே. இளம்பெண்ணாகப் பாரீசுக்குப் போய்த் தையல் வேலையில் சேர்ந்தார். 1816-ல் நடந்த ஓர் அரச குடும்பத்துக் கல்யாணத்தின் மணப்பெண் உடையில் அவருடைய கைவேலை பேசப்பட்டது. 1818-ல் ஜேம்ஸ் பவர் என்ற வணிகரை மணந்துகொண்டு சிசிலித் தீவில் மெசீனா நகரில் குடியேறினார். கல்லூரியில் படித்தவர் அல்ல, தானாகவே இயற்கையைக் கற்றவர். அர்கொனாட் என்ற எண்காலிப் பிராணி ஓட்டுக்குள் வாழும். அந்த ஓடு அதனுடையதா, வேறொன்றிடம் திருடியதா என்று அறிஞர்கள் நெடுங்காலமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். செத்த பிராணியைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது, உயிரோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மாள் 1832-ல் கண்ணாடித் தொட்டிகளைச் செய்வித்தார். அர்கொனாட் தன் ஓட்டைத் தானே கட்டுகிறது, உடைத்தால் தானே பழுதுபார்க்கிறது என்று நிரூபித்தார். 1838-ல் அவருடைய சேகரிப்புகளில் பெரும்பகுதியை ஏற்றிச் சென்ற கப்பல் மூழ்கிப்போயிற்று. பெயர் அதோடு மறைந்துவிடாமல் காத்தவர் லண்டனின் ரிச்சர்ட் ஓவன். கண்ணாடித் தொட்டியை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்திய முன்னோடி இவர்தான் என்று அவர் எடுத்துச் சொன்னார். அம்மையார் 1871-ல் பிறந்த ஊரிலேயே காலமானார். இன்று வெள்ளிக் கிரகத்தில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அடுத்து லண்டனில் ஆன் தின் என்ற பாதிரியார் மனைவி 1846-ல் பவளப் பூச்சிகளை வீட்டில் வளர்த்தார். நீரில் காற்றுக் கலப்பதற்காக வேலைக்காரப் பெண் ஒரு பாத்திரத்தில் இருந்து இன்னொன்றுக்கு மணிக்கணக்கில் நீரை ஊற்றி ஆற்ற வேண்டியிருந்தது. நாம் டீ ஆற்றுகிற மாதிரிதான். இந்தத் தொல்லையைத் தீர்த்தவர் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர். இரண்டு தங்கமீன், ஒரு நீர்ப்பாசிச் செடி இவற்றைத் தொட்டியில் வைத்து, அடியில் மணலும் சேறும் கல்லும் போட்டார். செடியின் அழுகிய இலைகளால் நீர் கலங்கிற்று. அவற்றைத் தின்பதற்குக் குளத்து நத்தைகளை விட்டார். நீர் தெளிந்துவிட்டது. செடி மீனுக்கு மூச்சு கொடுக்கிறது, மீன் செடிக்கு உரம் கொடுக்கிறது, நத்தை துப்புரவு செய்கிறது என்று 1850-ல் வேதியியல் சங்கத்துக்குத் தெரிவித்தார். தொட்டியின் தரைக்கு அன்று இருந்த வேலை ஒன்றே ஒன்று, செடிக்கு வேர் பிடிக்க இடம் தருவது.

பிறகு 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் வீடு திறந்தார்கள். 1854-ல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் 'அக்வேரியம்' என்ற சொல்லை ஊரெல்லாம் பரப்பியது. பாரீசில் 1861-ல் ஒன்று வந்தது. நம் பக்கத்தில் 1909-ல் சென்னைக் கடற்கரையில் மீன் காட்சியகம் திறந்தபோது, அந்த ஆசை அரை நூற்றாண்டில் இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது.

தரைக்கு இரண்டாவது வேலையும் உண்டு என்று கண்டவர்கள் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். ஷ்லோசிங், முன்ட்ஸ் என்று பெயர். அவர்கள் மீனைப் பற்றி யோசிக்கவே இல்லை, சாக்கடையைப் பற்றி யோசித்தார்கள். ஒரு குழாயில் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிச் சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். சில வாரங்களில் கீழே வந்த நீரில் அம்மோனியா போய் நைட்ரேட் வர ஆரம்பித்தது. மணலுக்குள் குளோரோஃபாம் ஆவியைச் செலுத்தினார்கள், உடனே அந்த மாற்றம் நின்றுவிட்டது. மயக்க மருந்துக்கு மயங்குகிறது என்றால் மணலுக்குள் உயிர் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இது 1877-ல். தென் அமெரிக்க ஆற்றுத் திருக்கைக்குப் 'பொட்டாமோட்ரைகான்', அதாவது ஆற்றுத் திருக்கை என்றே பொருள்படும் பொதுப்பெயரை கார்மன் என்பவர் வைத்ததும் அதே 1877-ல்தான். பிறகு 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்துக் காட்டினார்.

மீன் வெளிவிடுகிற அம்மோனியா அதற்கே விஷம். அதை மாற்றுகிற நுண்ணுயிர் மணலிலும் கல்லிலும் குடியிருக்கிறது. இந்த அறிவில் இருந்துதான் தொட்டிக்கு அடியில் துளைத் தட்டு வைத்து, மேலே ஜல்லி பரப்பி, அதன் வழியாகத் தண்ணீரை இழுக்கும் முறை வந்தது. நம் ஊர் மீன் கடைகளிலும் குமிழி விடும் அந்தத் தட்டுகளைப் பல காலம் பார்த்திருக்கிறோம். நீலமும் சிவப்பும் சாயம் ஏற்றிய ஜல்லி பிரபலமானதும் அந்த முறையோடுதான்.

சாதாரண மீனுக்கு அது சரி. திருக்கைக்கு அது சரிப்படவில்லை. திருக்கை சும்மா இருக்காது. இரையைத் தேடி நீரை ஊதி ஊதி ஜல்லியை ஒதுக்கித் தட்டை வெளியே கொண்டுவந்துவிடும். தட்டு ஓரிடத்தில் வெளிப்பட்டால் தண்ணீர் அந்த வழியாகவே ஓடிவிடும், மற்ற இடத்து ஜல்லியில் ஓட்டம் நின்று அழுக்கு தங்கும். ஜல்லியின் முனைகள் மெல்லிய வயிற்றுத் தோலைக் கீறும். கீறலில் புண் வந்தால், எப்போதும் அந்தப் புண்ணின் மேலேயே படுத்திருக்கிற பிராணிக்கு அது ஆறுவது கஷ்டம். தின்னாமல் விட்ட இறால் துண்டு கல்லிடுக்கில் போய் அழுகும்.

ஆகவே விவரம் தெரிந்தவர்கள் இரண்டு கட்சியானார்கள். ஒரு கட்சி வெறும் கண்ணாடி என்றது. பண்ணைக்காரர்களும், புதிதாக வந்த மீனை ஒதுக்கி வைப்பவர்களும், நோய்க்கு மருந்து போடுகிறவர்களும் இந்தக் கட்சி. நியாயம் இருக்கிறது. திருக்கை மிகுதியாகத் தின்னும், மிகுதியாகக் கழிக்கும். வெறும் தரையில் கழிவு கண்ணுக்குத் தெரியும், குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடலாம். குட்டி இரை எடுக்கிறதா, இல்லையா என்பதும் தெரியும். நுண்ணுயிருக்கு வெளியே பெரிய வடிகட்டியில் இடம் கொடுத்துவிடலாம். இன்னொரு கட்சி மென்மணல் என்றது. அவர்கள் நியாயம் மீனின் பக்கத்தில் இருந்து வருகிறது. புதைவதற்கென்றே படைக்கப்பட்ட உடம்புக்குப் புதைய இடம் வேண்டாமா?

நான் இரண்டாவது கட்சி. ஆனால் மணல் என்றால் எந்த மணல் என்று கேட்க வேண்டும். நம் காலத்தில் வீடு கட்டியவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். ஆற்று மணல் தண்ணீரில் உருண்டு உருண்டு முனை மழுங்கியது. இப்போது வீடு கட்டப் பயன்படும் எம்-சாண்ட் பாறையை உடைத்துச் செய்வது, அதன் துகள் முனையோடு இருக்கும். கட்டடத்துக்கு அந்த முனை நல்ல பிடிப்பு, திருக்கையின் வயிற்றுக்கு அது அரம். கடற்கரை மணலில் உப்பும் சிப்பித் தூளும் கலந்திருக்கும். சிப்பி நீரில் கரைந்து கடினத்தன்மையைக் கூட்டும், இந்த மீன்கள் பெரும்பாலும் மென்மையான நீருக்குப் பழகியவை. மணலில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்கச் சுலபமான வழி, கொஞ்சம் எடுத்துக் காடியை ஊற்றுவது. நுரைத்தால் ஆகாது. ஆகும் மணலைச் சலித்து, அரிசி களைவது போலக் கழுநீர் தெளியும் வரை களைந்து, இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் போகாமல் பரப்ப வேண்டும். ஆழமாகப் போட்டால் அடியில் காற்றுப் புகாமல் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் எழும். அது விஷ வாயு. மெல்லிய மணலாக இருந்தால் திருக்கையே தினமும் கிளறிவிடும். இன்னொன்று, நீரைச் சூடாக்கும் கருவிக்குக் கட்டாயம் கூண்டு போட வேண்டும். இந்த மீன் அதன் மேல் போய்ப் படுத்து வெந்துபோகும்.

ஆனாலும் எல்லாத் திருக்கைக்கும் மணல்தான் ஊர் என்று சொல்லிவிட முடியாது. மோட்டோரோ மணலும் சேறும் உள்ள அமைதியான நீரில் வாழ்வது. கறுப்பில் வெள்ளைப் புள்ளி வைத்த லியோபோல்டி இருக்கிறதே, பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டின் பெயரை 1970-ல் பெற்றது, அது பிரேசிலின் ஷிங்கு ஆற்றின் பாறைத் தரையில் வாழ்வது. ரியோ நேக்ரோ ஆற்றின் சிறிய திருக்கை ஒன்று வெள்ளக் காட்டில் உதிர்ந்த இலைச் சருகுக்குள் வாழ்வது. அதற்கு 2016-ல்தான் விஞ்ஞானப் பெயர் கிடைத்தது, ஆல்பிரட் ரசல் வாலஸ் நினைவாக. வாலஸ் அந்த ஆற்று மீன்களை வரைந்து எடுத்துக்கொண்டு 1852-ல் திரும்புகையில் நடுக்கடலில் கப்பல் தீப்பற்றியது. கப்பலில் இருந்த சேகரிப்பு போயிற்று, மீன் படங்கள் தப்பின. ழான் அம்மையாரின் கப்பலை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். மணல், பாறை, சருகு என்று மூன்று தரை. மூன்றிலும் பொதுவானது ஒன்று உண்டு. எதுவும் கூரான ஜல்லி அல்ல.

இந்தத் தரைகளுக்கே இப்போது கேடு வந்திருக்கிறது. ஷிங்கு ஆற்றில் பெலோ மோன்ட்டி என்ற மாபெரும் அணை கட்டி, 2016 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். ஆற்றின் ஒரு நீண்ட வளைவில் நீர் வெகுவாகக் குறைந்துவிட்டது. இன்னொரு பக்கம், ஆற்றோரம் குளிக்க வருகிறவர்களை முள் குத்திவிடும் என்று திருக்கைகளைக் கொல்வதும், வாலை வெட்டி விடுவதும் அங்கே வழக்கமாக இருந்திருக்கிறது. அழகான மீன் என்று பிடித்து விற்பதும் உண்டு. 2022-ல் பனாமாவில் கூடிய உலக நாடுகள், லியோபோல்டி, வாலஸ் திருக்கை உள்ளிட்ட சில இனங்களின் வாணிபத்தைச் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தன. இதை வாங்குகிறவர்கள் பண்ணையில் பிறந்ததா, ஆற்றில் பிடித்ததா, தாள்கள் சரியா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். முப்பது நாற்பது வருடம் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன், தாள் இல்லாத பொருளின் பின்னால் எப்போதும் ஒரு கதை இருக்கும்.

கண்ணாடித் தொட்டியைப் பெரும்பாலும் பார்ப்பவரின் வசதிக்காகவே கட்டுகிறோம். செடி அழகுக்கு, விளக்கு அழகுக்கு, கல்லின் நிறம் நம் சுவரின் நிறத்துக்கு. ழான் அம்மையார் கட்டியது அதற்காக அல்ல. அந்தப் பிராணி எப்படி வாழ்கிறது என்று அதனிடமே தெரிந்துகொள்வதற்காகக் கட்டினார். அடியில் மென்மணல் பரப்பினால் திருக்கை பாதி நேரம் புதைந்துதான் கிடக்கும். இரண்டு கண்ணும் இரண்டு துளையும் மட்டும்தான் தெரியும். வந்த விருந்தாளி "மீன் எங்கே?" என்று கேட்பார். கேட்கட்டும், காத்திருந்து பார்க்கட்டும். அப்படி ஒளிந்து கிடக்க முடிகிற இடம்தான் அதற்கு வீடு.